கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்த துப்பாக்கிக் கட்டை

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தன் மகள் வசந்தாவை உனக்குக் கட்டிவைக்க உன் மாமா கேட்கிறார் என்றும், உனக்கு இஷ்டம்தான் என்றும், என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அதுவரை சந்தோஷம். ஆனால் அத்தனை பெரிய கடிதத்தில் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. சீரோடு மாமா தரப்போகிற இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. ‘கட்டையில் செதுக்கியிருக்கும் கஜலட்சுமி தத்ரூபம். யானையின் கண் நம்மையே பார்க்கிறது. இப்படி ஒரு கலைப்பொருள் நம் வீட்டுக்கு வருவது பெருமை’ என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். கையெழுத்து உன்னுடையதுதான்.

கல்யாணத்துக்கு என் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மீதியைப் படிக்காமல் விடுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்த முறை அப்படிச் செய்யாதே. அந்தத் துப்பாக்கியின் கதை தெரியாமல் என் பதில் உனக்கு விளங்காது.

உன் மாமா பினாங்கிலிருந்து திரும்பி வந்தது அறுபதுகளின் ஆரம்பத்தில். கையில் காசு இருந்தது. காரைக்குடியில் வீடு கட்டினார். பழைய பெரிய வீடு ஒன்றை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய் அதன் பர்மாத் தேக்குத் தூண்களை வண்டி பிடித்துக் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை. தூணுக்கு அங்கே வேலையே கிடையாது. அதனால் கூடத்தில் அவற்றைச் சும்மா நிறுத்திவைத்தார். இன்றைக்கும் போய்ப் பார், தூணின் உச்சிக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும். எதையும் தாங்காத தூண்களுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைக்க ஓர் ஆள் வேறு. வருகிறவர்கள் எல்லோரும் தூணைத் தட்டிப் பார்த்து “பர்மாத் தேக்கா?” என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காப்பி வர நேரமாகும்.

(உன் அம்மா பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். “எந் தம்பியப் பத்தி இம்புட்டு எழுதணுமா? புள்ள கேட்டது ஆமாவா இல்லையான்னு மட்டுந்தானே?” என்கிறாள். இல்லை, எழுதத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அடுப்படிக்குப் போகிறாள். திரும்பி வருவாள்.)

வீடு முடிந்ததும் துப்பாக்கி ஆசை வந்தது. மலைத் தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து லைசென்ஸ் எல்லாம் முறையாக மாற்றி வாங்கினார். வந்து இறங்கிய அன்று நம்மையும் கூப்பிட்டிருந்தார். நீயும் இருந்தாய். பினாங்கு பிஸ்கட் டப்பாவைத் தவிர நீ எதையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நான் அப்போது பள்ளியில் என்.சி.சி. பொறுப்பில் இருந்தேன். அங்கே இருந்த துப்பாக்கிகளின் கட்டைகள் நல்ல உழைப்பாளிக் கட்டைகள். பையன்களின் வியர்வை படிந்து, பெஞ்சுப் பலகை மாதிரி இருக்கும். அவற்றையே பார்த்துப் பழகியவன், உன் மாமா உறையிலிருந்து உருவியதைக் கையில் வாங்கியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டேன். வெளிச்சம் இல்லாமல் அதைப் பார்ப்பது பாவம் என்று தோன்றியது.

அது அக்ரூட் மரம். வால்நட் என்பார்கள். ரேகை எல்லா மரத்துக்கும் உண்டு. நேராக வளர்ந்த நடுமரத்தை அறுத்தால் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும். அடிமரம் வேரோடு சேரும் இடத்திலும், கிளை பிரியும் கவட்டையிலும் நார்கள் அப்படி இருக்காது. பாரத்தைத் தாங்கித் தாங்கி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, அலையலையாக மடிந்து கிடக்கும். அந்த இடத்தில் பார்த்து அறுத்தால் பலகைக்குள்ளே ஏதோ ஓடுவது போல இருக்கும். உன் அம்மாவிடம் மயில்கழுத்துப் பட்டு ஒன்று இருக்கிறதே, இப்படிப் பிடித்தால் நீலம், அப்படிப் பிடித்தால் பச்சை, அதைப் போலத்தான். வெளிச்சம் ஒரு நாரில் பட்டுத் திரும்பும், பக்கத்து நாரில் உள்ளே போய்விடும். கட்டையைக் கொஞ்சம் திருப்பினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். சாயமோ செதுக்கலோ எதுவும் கிடையாது. அந்தத் துப்பாக்கிக் கட்டையில் தேன் நிறத்துக்குள் கரும்பழுப்பு ரேகைகள், ஊருணித் தண்ணீருக்கு அடியில் மணல் வரிவரியாகத் தெரிவது போல, தோளில் பதியும் அகலமான பக்கம் முழுதும் ஓடின. ஆனால் விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் மெல்லிய கழுத்தில் மட்டும் ரேகை நேராக, கயிறு போலப் போயிற்று. அறுத்தவனின் அறிவு அங்கேதான் இருக்கிறது. வெடிக்கும்போது உதை முழுவதும் கழுத்தில்தான் விழும். அங்கே நார் நேராக ஓட வேண்டும், பின்னால் எப்படி வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளலாம். அழகையும் வலுவையும் ஒரே மரத்தில் இப்படி இடம் பார்த்து எடுத்திருக்கிறானே என்று கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன மச்சான், கட்டையவே பாக்குறீக? குழலப் பாருங்க, சீமைக் குழல்” என்றார் உன் மாமா.

“மாப்ளே, கட்டைதான்யா இதுல சொத்து” என்றேன்.

“அழுக்கா இருக்கேன்னு நானே வருத்தத்துல இருக்கேன். கருப்புக் கருப்பாத் திட்டு. வெள்ளைக்காரன் ஈரத்துல போட்டுவச்சிருப்பான்போல. தேச்சா போயிரும்ல?”

நான் விளக்கினேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு விளக்குவது போல ஒவ்வொன்றாக, உதாரணத்தோடு விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். மறுமாதம் நான் போனபோது வாசலில் ஒரு தச்சர் உட்கார்ந்து உப்புத்தாள் வைத்து அந்தக் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “எம்புட்டுத் தேச்சாலும் போகமாட்டேங்குது சார். உள்ள போகப் போக ஜாஸ்தியாகுது” என்றார் அந்தத் தச்சர், ஏதோ வியாதியைச் சொல்வது போல.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒருநாள் மாமா வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் தூண்களைத் தட்டிவிட்டு, அதே கையோடு துப்பாக்கியையும் தட்டி, “இதுவும் பர்மாத் தேக்கா?” என்று கேட்டாராம். இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. என்ன மரம் என்று அடுத்த கேள்வி. அக்ரூட் கொட்டை காய்க்கும் மரம் என்று நான் சொன்னது ஞாபகம் வந்து மாமா அதைச் சொல்லியிருக்கிறார். “கொட்டை மரமா? நம்ம முந்திரிக்கு ஒண்ணுவிட்ட தம்பியா?” என்று விருந்தாளி சிரித்திருக்கிறார். அன்றைக்கே முடிவாகிவிட்டது. தேக்குத் தூண் நிற்கிற வீட்டில் கொட்டை மரத் துப்பாக்கி இருக்கக் கூடாது. மீந்துபோன தூண் ஒன்றை அறுத்து, கோயில் தேர் வேலை செய்கிற ஓர் ஆளைக் கூப்பிட்டு, புதுக் கட்டை செய்து, ஒரு பக்கம் கஜலட்சுமி, மறுபக்கம் இரண்டு கிளி, அடியில் தாமரை என்று செதுக்கி, மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்தார்கள். நீ உருகி உருகி எழுதியிருக்கிறாயே, அந்தக் கலைப்பொருள் பிறந்த கதை இதுதான்.

செதுக்கியவரை நான் குறை சொல்லவில்லை. தேரில் இருந்தால் அந்த யானையைக் கும்பிடுவேன். ஆனால் துப்பாக்கிக் கட்டை என்பது கன்னத்தை வைத்துச் சுடுகிற சாமான். கன்னம் படிகிற இடத்தில் யானையின் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கிறது. இது செதுக்கியவருக்குத் தோன்றவில்லை, செதுக்கச் சொன்னவருக்கும் தோன்றவில்லை. பார்த்து மெச்சியவர்கள் ஊரில் நிறைய. அவர்களில் ஒருவராவது அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு மெச்சவில்லை.

பிறகு கண்மாய்க்கு வாத்து சுடப் போனார். நாலு விருந்தாளி, ஒரு ஜீப், ஒரு பெரிய சாப்பாட்டுக் கேரியர். என்னையும் ஏற்றிக்கொண்டார். சுட்டார். வாத்துகள் எழும்பி, ஒரு வட்டம் அடித்து, அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்தன. மாமா மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கையை எடுத்தபோது கன்னத்தில் தும்பிக்கை அச்சு அசலாகப் பதிந்திருந்தது. ஒரு விருந்தாளி “லட்சுமி கடாட்சம்ணே!” என்றார். யாரும் சிரிக்கவில்லை. கேரியரை இன்னும் திறந்திருக்கவில்லை.

நான் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தேன். கழுத்தில் குறுக்காக ஒரு விரிசல். தேக்கு நிற்கப் பிறந்த மரம், மழையிலும் வெயிலிலும் தலைமுறைக்கு நிற்கும். உதை வாங்கப் பிறந்தது அல்ல. அதிலும் அந்த ஆள் தாமரை விரிய வேண்டும் என்பதற்காகக் கழுத்தில் ரேகையைக் குறுக்கே வெட்டியிருந்தார். இன்னொரு தோட்டா போட்டால் கட்டை உடைந்து கையோடு வரும் என்றேன். மாமா என்ன செய்தார் தெரியுமா? விரிசலை மூடி ஒரு வெள்ளிப் பூண் போட்டார். இப்போது வருகிறவர்களிடம் முதலில் காட்டுவது அந்தப் பூணைத்தான். நீயும் எழுதியிருக்கிறாய், ‘நடுவில் வெள்ளி வேலைப்பாடு வேறு’ என்று. தம்பி, அது வேலைப்பாடு இல்லை. எலும்பு முறிவுக்குப் போட்ட கட்டு. அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடுகிறவன் முட்டாள். அதை மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுக்கிறவரை என்ன சொல்வது என்று உன் அம்மா திரும்பி வந்து நிற்பதால் எழுதாமல் விடுகிறேன்.

உன் மாமா ஒருவர் மட்டும் இப்படி என்றால் நான் இத்தனை மை செலவழிக்க மாட்டேன். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் இருந்தார். அவர் துப்பாக்கிக் கட்டையும் அருமையான ரேகை உள்ளதுதான் என்று கேள்விப்பட்டு, பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கக் கேட்டேன். வெல்வெட்டில் உறை தைத்து, ஜிகினா வைத்து, கட்டையோடு சேர்த்து மூட்டியே விட்டிருந்தார்கள். “பிரிச்சா நூலு போயிரும் சார்” என்றார். இன்னொருவர், காண்டிராக்டர். கைப்பிடியில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பித்தளையில் வெட்டிப் பதித்திருந்தார். ரேகை சுழன்று சுழன்று வந்து கண்போலக் குவியும் இடமாகப் பார்த்து, அந்தக் கண்ணில் பித்தளையை இறக்கியிருந்தார். நல்ல பொருள் கையில் கிடைத்ததும் அதன் மேல் தன்னை எழுதிவைக்காமல் இருக்க முடியாதவர்கள் இவர்கள். பார்க்க ஒரு நிமிஷம் பொறுமை கிடையாது, காட்ட ஆயுசு முழுக்கப் பொறுமை உண்டு. இவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வருகிற அளவுக்கு அவர்களை நான் மதிக்கவில்லை. ஆனால் என் மகன் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டு யானையின் கண்ணைப் பார்த்து உருகுகிறான் என்றால், அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

அதனால், உன் கடிதம் வந்த வாரம் வெள்ளிக்கிழமை, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் மாமா வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. இந்த வரியைப் படித்ததும் தெரிந்துவிடும். எதையும் தாங்காத தூணுக்கு எண்ணெய் போடுகிற வீட்டில் வளர்ந்த பெண் வேறு எப்படி இருப்பாள் என்பது என் எண்ணம். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. முன்வாசல் பூட்டியிருந்ததால் சந்து வழியாகக் கொல்லைப்புறம் சுற்றிப் போனேன்.

வசந்தா எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏதோ ஒரு கட்டை. கிண்ணத்தில் மீந்த நல்லெண்ணெயை விரலில் தொட்டுத் தொட்டு அதில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க மாமா. அப்பாவத் தேடி வந்தீகளா? திருப்பத்தூரு போயிருக்காக. உக்காருங்க, அம்மா கோயிலுக்குப் போயிருக்கு, இப்ப வந்துரும்.”

“என்னம்மா செய்யுற?”

“கதவுக் கட்டைக்கு எண்ணெக் குளி. சிரிக்காதீக. ஏற்கனவே அம்மா, இதுக்கும் மாப்பிள்ளை பாத்துருவமான்னு கேக்குது.”

நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தேன். தம்பி, அது அந்தப் பழைய அக்ரூட் கட்டை. கழற்றிப்போட்ட நாளிலிருந்து கொல்லைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு முனை சிதைந்து, கழுத்துப் பக்கம் கதவு உரசி உரசித் தேய்ந்திருந்தது. ஆனால் அகலமான பக்கம் அப்படியே இருந்தது. உப்புத்தாள் போட்ட காயம்கூட ஆறிவிட்டது. எண்ணெய் குடித்துக் குடித்துத் தேன் நிறம் ஆழ்ந்து போயிருந்தது.

“இங்குட்டு வாங்க மாமா, வெளிச்சத்துக்கு” என்று எழுந்து முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோனாள். “இப்பிடித் திருப்புனா ஓடுது. அப்பிடித் திருப்புனா நின்னுருது. அந்தா, போகுது பாருங்க. தண்ணி பட்டப்பதான் மொதல்ல பாத்தேன். மழை பெஞ்சு நனைஞ்சு கெடந்துச்சு. காஞ்சதும் மறைஞ்சுபோச்சு. என்னடா இதுன்னு எண்ணெயத் தடவிப் பாத்தேன். அதுல இருந்து வாராவாரம்.”

“இது என்னதுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாம என்ன, அப்பா துப்பாக்கில இருந்ததுதான. அப்பாகிட்டக் காட்டுனேன். ‘அழுக்க எண்ணெ ஊத்தி வளக்குறியா’ன்னாக. சரி, யானை உள்ளவுக யானையப் பாக்கட்டும்னு விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் கட்டையைத் திருப்புவதை நிறுத்தாமலே, என்னைப் பார்க்காமலே கேட்டாள்: “ஒங்க மகன் இதப் பாத்தா என்ன மாமா சொல்லுவாக?”

நான் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு நின்ற இடத்தில் பதில் சொன்னவன். அன்றைக்கு என் சட்டைப்பையில் உன் கடிதம் இருந்தது, அதில் தத்ரூபமான யானை இருந்தது. “தெரியலையேம்மா” என்றேன். அவள் கட்டையைக் கொண்டுபோய்க் கதவடியில் வைத்து, காலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கிவிட்டு, எனக்கு மோர் கொண்டுவர உள்ளே போனாள். மோரைக் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

வழியெல்லாம் எனக்கு கணக்கு மாறிப்போனதுதான் உறுத்தியது. அந்த வீட்டுப் பெண் என் மகனுக்குப் பொருந்துவாளா என்று பார்க்கப் போனேன். அவளுக்கு நீ பொருந்துவாயா என்ற கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது என் பதில். எனக்குச் சம்மதம். உன் அம்மா “இத மொதல்லயே எழுதுனா என்னவாம்” என்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஆனால் என் சம்மதம் பாதிதான். அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது நேராக மாமா வீட்டுக்குப் போ. முன்கூடத்தில் உட்காராதே, உட்கார்ந்தால் தூணைத் தட்டச் சொல்வார்கள். கொல்லைக் கதவுக்குப் போய் அந்தக் கட்டையை எடுத்து வெயிலில் திருப்பிப் பார். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள், என்ன தெரிகிறது என்று கேட்பாள். இந்தக் கடிதத்தில் நான் எழுதியிருக்கிற மயில்கழுத்தையும் ஊருணி மணலையும் அங்கே ஒப்பிக்காதே. பார்த்து எழுதுகிற பையனைப் பேப்பரைத் திருத்தாமலே கண்டுபிடிக்கிற வாத்தியார் நான், அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. உன் கண்ணுக்கு ஏதாவது தெரிந்தால் அதைச் சொல். ஒன்றும் தெரியாவிட்டால், ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லை, காட்டு’ என்று சொல். அதைக் கேட்டு அவள் சிரித்தால் முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கலாம்.

துப்பாக்கி வேண்டாம் என்று மாமாவுக்கு நீயே எழுதிவிடு. மரியாதையாக எழுது, யானையை நாலு வார்த்தை புகழ்ந்தும் எழுது, உனக்கு அது கஷ்டமில்லை. அது அவருடைய கூடத்தில் தூண்களுக்குத் துணையாக இருக்கட்டும். கதவுக் கட்டையை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே. அது அவருடையது அல்ல. அவள் வந்தால் அதுவும் வரும்.

உன் அப்பா